உயிர் அறிவியல் போட்டித் தேர்வு: பயிற்சி வினாக்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுநிலைத் தரத்தில் உயிர் அறிவியல் போட்டித் தேர்வு எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், அவற்றுக்காகக் கரும்பலகையில் நான் போட்டுக்காட்டிய கணக்குகளும் இங்கே இருக்கின்றன. கணக்கு வரும் இடத்தில் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். வெறுமனே படித்துக்கொண்டு போனால் எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். தேர்வறையில் கை ஓடாது.

எத்தனை பயிற்சி வினாக்கள் போட்டால் போதும்?

எண்ணிக்கை கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். கடைசியாக நீங்கள் சரியாக விடையளித்த வினாவில் ஒரு சொல்லை மாற்றினால், விடை எப்படி மாறும்? இதைச் சொல்ல முடிந்தால் அந்த வினா உங்களுக்குச் சொந்தமாகிவிட்டது. சொல்ல முடியாவிட்டால் உங்களிடம் இருப்பது விடை மட்டும்தான். அதே வினா அதே உருவில் மறுபடி வந்தால்தான் அது உதவும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒளியில் ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும் பாசியில் விளக்கைத் திடீரென அணைத்தால், பாஸ்போகிளிசரிக் அமிலத்தின் அளவு என்ன ஆகும்? உயரும். ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டுடன் கார்பன் டை ஆக்சைடு சேரும் படிக்கு ஏடிபி (ATP, செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தேவையில்லை. கையிருப்பு இருக்கும்வரை அது நடக்கும். ஆனால் உருவான பாஸ்போகிளிசரிக் அமிலத்தை அடுத்த படிக்குக் கொண்டுபோக ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வேண்டும். ஒளி நின்றதும் அவற்றின் வரவும் நின்றுவிடுகிறது. ஆகவே பாஸ்போகிளிசரிக் அமிலம் தேங்குகிறது, ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் குறைகிறது.

இப்போது வினாவை மாற்றுங்கள். விளக்கு எரியட்டும், கார்பன் டை ஆக்சைடை நிறுத்துங்கள். இரண்டும் தலைகீழாகும்: ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் தேங்கும், பாஸ்போகிளிசரிக் அமிலம் குறையும். மறுபடியும் மாற்றுங்கள். விளக்கு எரிகிறது, ஆனால் ஒளித்தொகுதி இரண்டிலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதைத் தடுக்கும் களைக்கொல்லி ஒன்றைச் சேர்க்கிறோம். அணையாத விளக்கும் அணைந்த விளக்கைப் போலத்தான். ஒரு வினாவிலிருந்து மூன்று கிடைத்துவிட்டன. கார்பன் 14-ஐக் கொண்டு இந்தச் சுழற்சியை அவிழ்த்த மெல்வின் கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றை நிறுத்திவிட்டு எது தேங்குகிறது, எது குறைகிறது என்று பார்க்கும் இந்த வழியை அவர் குழுவும் கையாண்டது.

இப்படி அலசிய 300 வினாக்கள், விடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்த 3,000 வினாக்களைவிட உங்களை வெகுதூரம் கொண்டுபோகும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பாடம் முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் வினாக்களுக்கு வர வேண்டுமா?

வேண்டாம். ஒரு பகுதியைப் படித்த அன்றே அதிலிருந்து ஐந்தாறு வினாக்களைப் போடுங்கள். தவறாகப் போட்டால் வருந்த வேண்டியதில்லை. எந்தப் பத்தியைப் படிக்காமலே தாண்டினீர்கள் என்பதை அந்தத் தவறு காட்டிக்கொடுக்கும்.

ஹார்டி–வெயின்பெர்க் கணக்கு எளிதுதானே? ஏன் ஒவ்வொரு முறையும் மதிப்பெண் போகிறது?

சமன்பாடு எளிது: p² + 2pq + q² = 1. இதில் p, q என்பவை ஒரு மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்களின், அதாவது அல்லீல்களின், நிகழ்வெண்கள். எதைக் கேட்கிறார்கள் என்பதைப் படிப்பதில்தான் தவறு நேர்கிறது. ஒடுங்கு பண்பு கொண்ட ஒரு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. கடத்திகள் (நோயில்லாமல், ஒடுங்கு அல்லீலின் ஒரு நகலை மட்டும் கொண்டவர்கள்) எத்தனை பேர்?

10,000-இல் ஒன்று என்பது நோயாளிகளின் நிகழ்வெண். அது ஒடுங்கு அல்லீலின் நிகழ்வெண்ணின் வர்க்கம். வர்க்கமூலம் எடுத்தால் அல்லீலின் நிகழ்வெண் 0.01. இங்கேயே நின்று 0.01-ஐ விடையாகக் குறிப்பவர்கள் ஏராளம். விடைத்தெரிவுகளில் அந்த எண்ணும் காத்திருக்கும். கடத்திகள் 2 × 0.99 × 0.01 = 0.0198, அதாவது ஏறத்தாழ 50 பேரில் ஒருவர். நோயாளி ஒருவருக்குக் கடத்திகள் 198 பேர். அரிதான ஒடுங்கு அல்லீலை மக்கள்தொகையிலிருந்து களைவது ஏன் அவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்கான விடையும் இந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தேர்வு அதையும் தனி வினாவாகக் கேட்கும்.

இனி மாற்றிக் கேட்போம். ஒரு பெண்ணின் தம்பிக்கு இந்த நோய் இருக்கிறது. பெற்றோருக்கு இல்லை, அவளுக்கும் இல்லை. உறவுமுறையில் இல்லாத, நோயற்ற ஒருவரை அவள் மணக்கிறாள். பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு என்ன? அவள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பைப் பாதி என்று போட்டால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். பெற்றோர் இருவருமே கடத்திகள். அவளுக்கு நோய் இல்லை என்பது தெரிந்துவிட்டதால் நான்கு வாய்ப்புகளில் ஒன்று விலகிவிட்டது. மீதமுள்ள மூன்றில் இரண்டு கடத்தி. ஆகவே 2/3 × 1/50 × 1/4 = 1/300. அவளுக்கு நோய் இல்லை என்று வினாவில் தந்த தகவல்தான் நான்கை மூன்றாக்கியது. மரபியல் வினாக்களில் அலங்காரத்துக்கென்று ஒரு சொல்லும் இருக்காது.

நொதித் தடுப்பான்களின் அட்டவணை மனப்பாடமாக இருக்கிறது. ஆனாலும் எண் கொடுத்துக் கேட்டால் தடுமாறுகிறேனே?

அட்டவணை விடைகளின் தொகுப்பு. தேர்வு கேட்பது, அந்த விடைகள் எங்கிருந்து வந்தன என்பதை. இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். இங்கே தெளிவு வந்தவர்களுக்கு மருந்தியல் வினாக்களும் ஏற்பி வினாக்களும் தாமாகவே திறக்கும்.

வேகம் = உச்ச வேகம் × தளப்பொருள் ÷ (மைக்கேலிஸ் மாறிலி + தளப்பொருள்). தளப்பொருளின் செறிவு மைக்கேலிஸ் மாறிலிக்குச் சமமாக இருந்தால் வேகம் உச்சத்தில் பாதி. இது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது தடுப்பான் மாறிலிக்கு (தடுப்பான் எவ்வளவு இறுக ஒட்டுகிறது என்பதன் அளவு) சமமான செறிவில் ஒரு தடுப்பானைச் சேர்க்கிறோம். அது தளப்பொருளின் இடத்துக்கே போட்டியிடும் போட்டித் தடுப்பான் என்றால் மைக்கேலிஸ் மாறிலி இரண்டு மடங்காகத் தோன்றும். வேகம் 1 ÷ (2 + 1), அதாவது உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. தூய போட்டியிலாத் தடுப்பான் என்றால் உச்ச வேகம் பாதியாகும், மாறிலி அப்படியே இருக்கும். வேகம் கால் பங்கு. நொதியும் தளப்பொருளும் சேர்ந்த கூட்டில் மட்டும் ஒட்டும் மூன்றாம் வகை என்றால் உச்ச வேகம், மாறிலி இரண்டுமே பாதியாகும். கணக்குப் போட்டால் மறுபடியும் மூன்றில் ஒரு பங்கு.

கவனித்தீர்களா? முற்றிலும் வேறான இரண்டு தடுப்பான்கள் அந்த ஒரு செறிவில் ஒரே எண்ணைத் தருகின்றன. "வேகம் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது; தடுப்பான் எந்த வகை?" என்று கேட்டால், தரவு போதாது என்பதே நேர்மையான விடை. நல்ல வினாத்தாளில் அந்தத் தெரிவும் இருக்கும்.

இரண்டையும் பிரிக்க என்ன செய்வது? தளப்பொருளைக் கூட்டுங்கள். மைக்கேலிஸ் மாறிலியைப் போல 10 மடங்கு வையுங்கள். தடுப்பான் இல்லாதபோது வேகம் 10/11, அதாவது 0.91. போட்டித் தடுப்பானுடன் 10/12, அதாவது 0.83, தடுப்பு கரைந்துகொண்டிருக்கிறது. கூட்டில் ஒட்டும் தடுப்பானுடன் 10/21, அதாவது 0.48, தடுப்பு கூடியிருக்கிறது. தளப்பொருள் பெருகினால் கூட்டு பெருகும், கூட்டு பெருகினால் அந்தத் தடுப்பானுக்கு ஒட்டும் இடமும் பெருகும். உடலுக்குள் இது இன்னும் முக்கியம். நொதி தடுக்கப்பட்டதும் தளப்பொருள் தேங்கத் தொடங்குகிறது. தேங்கும் தளப்பொருள் போட்டித் தடுப்பானைத் தள்ளிவிடும், மற்றதையோ இறுகப் பிடிக்க வைக்கும்.

மூன்று மரபணுக் கலப்பில் தூரம் கணக்கிடும்போது ஏன் எப்போதும் கொஞ்சம் குறைவாக வருகிறது?

இரட்டைக் குறுக்கே கலத்தலை, அதாவது இணைக் குரோமோசோம்கள் இரண்டு இடங்களில் துண்டு மாற்றிக்கொள்வதை, விட்டுவிடுகிறீர்கள். தொண்ணூறு விழுக்காடு இடங்களில் காரணம் இதுதான் என்று துணிந்து சொல்லலாம். ஒரு முழுக் கணக்கைப் போட்டுவிடுவோம்.

க, ச, ட என மூன்று ஒடுங்கு மரபணுக்கள். இயல்பான அல்லீலைக் கூட்டல் குறியால் காட்டுகிறேன். சோதனைக் கலப்பில் (மூன்றிலும் இருவகை அல்லீல் கொண்ட பெற்றோரை, மூன்றிலும் ஒடுங்கு அல்லீல் மட்டும் கொண்டவரோடு கலப்பது) 1,000 சந்ததிகள்:

க ச ட: 365
+ + +: 375
க + +: 82
+ ச ட: 88
க + ட: 40
+ ச +: 42
க ச +: 5
+ + ட: 3

முதல் வேலை, மரபணுக்களின் வரிசையைக் கண்டுபிடிப்பது. எழுதியிருக்கும் வரிசையை நம்பக் கூடாது. மிக அதிகமாக உள்ள இரண்டு வகைகளும் பெற்றோர் வகை. மிகக் குறைவாக உள்ள இரண்டும் இரட்டைக் குறுக்கே கலத்தல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடம் மாறிய மரபணு ஒன்றே ஒன்று: ட. அதுதான் நடுவில் இருக்கிறது. உண்மையான வரிசை க, ட, ச.

க-வுக்கும் ட-வுக்கும் இடையே பிரிந்தவை 82 + 88 = 170. அதோடு இரட்டையில் வந்த 8 பேரையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களும் இந்த இடைவெளியில் ஒருமுறை பிரிந்தவர்கள். 178/1,000, அதாவது 17.8 அலகு. ட-வுக்கும் ச-வுக்கும் இடையே 40 + 42 + 8 = 90, அதாவது 9 அலகு. மொத்தம் 26.8.

நடுவிலிருக்கும் ட-வைக் கவனிக்காமல் க, ச இரண்டை மட்டும் பார்த்தால் மறுசேர்க்கை 25.2 விழுக்காடுதான் தெரியும். 1.6 எங்கே போயிற்று? இரண்டுமுறை பிரிந்து மீண்டும் பழைய சேர்க்கைக்கே வந்துவிட்ட 8 பேர், ஆளுக்கு இரண்டு பிரிவு வீதம். ஓரத்து மரபணுக்களை மட்டும் பார்ப்பவருக்கு அவர்கள் பிரிந்ததே தெரியாது.

அடுத்து குறுக்கீடு, அதாவது ஓரிடத்தில் நடந்த பிரிவு பக்கத்தில் இன்னொன்று நடப்பதைத் தடுப்பது. இரண்டு இடைவெளிகளும் ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்றால் 0.178 × 0.09 × 1,000, ஏறத்தாழ 16 இரட்டைகள் வந்திருக்க வேண்டும். வந்தவை 8. வந்ததை எதிர்பார்த்ததால் வகுத்தால் உடன்நிகழ்வுக் கெழு 0.5, அதை 1-இலிருந்து கழித்தால் குறுக்கீடு 0.5. ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டவண்ட் முதல் மரபணு வரைபடத்தை 1913-இல் வெளியிட்டபோது பட்டம் பெறும் வயதைத் தாண்டியிராத இளைஞர். மறுசேர்க்கை விழுக்காட்டைத் தூரமாகப் படிக்கலாம் என்ற அவருடைய ஒற்றை யோசனையில்தான் இந்தக் கணக்கு முழுவதும் நிற்கிறது.

பாக்டீரியாவும் ஃபேஜும் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) சம எண்ணிக்கையில் இருந்தால் எல்லா பாக்டீரியாவும் தொற்றுக்கு உள்ளாகும் அல்லவா?

ஆகாது. 10 கோடி பாக்டீரியாவில் 10 கோடி ஃபேஜைக் கலந்தால் 3.7 கோடி பாக்டீரியா தப்பிவிடும். ஃபேஜ்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு செல்லை எடுத்துக்கொள்வதில்லை. சில செல்களுக்கு இரண்டு மூன்று கிடைக்கின்றன, சிலவற்றுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பாய்சான் பரவலின்படி சராசரி 1 என்றால் ஒன்றுமே பெறாத பங்கு 0.37, சரியாக ஒன்று பெற்ற பங்கும் 0.37, இரண்டோ அதற்கு மேலோ பெற்றவை 0.26. சராசரி 2 என்றால் தப்புவது 13.5 விழுக்காடு. 99 விழுக்காடு செல்கள் தொற்றுக்கு உள்ளாக வேண்டுமென்றால் சராசரி 4.6 வேண்டும்.

இதே எண்கள் வேறு அத்தியாயங்களில் வேறு உடையில் வரும். மரபணுத் தொகையின் நீளத்துக்குச் சமமான அளவு மட்டும் வரிசையறிந்தால் 37 விழுக்காடு பகுதி படிக்கப்படாமல் போகும். லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-இல் செய்த ஏற்ற இறக்கச் சோதனையில், எதிர்ப்புத்திறன் கொண்ட செல் ஒன்றுகூட இல்லாத குழாய்களின் பங்கிலிருந்து திடீர்மாற்ற வீதத்தைக் கணக்கிட்டதும் இதே வழியில்தான். சராசரி 1 என்றால் பூச்சியம் பெறுவது 0.37 என்ற ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லாக் ஓபரானில் (லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் பாக்டீரியா மரபணுத் தொகுதி) இரண்டு நகல் கொடுத்துக் கேட்கும் வினாக்களை எப்படி அணுகுவது?

ஒவ்வொரு பகுதியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது செல்லுக்குள் மிதந்து போகும் பொருளைச் செய்கிறதா, இருந்த இடத்திலேயே வேலை செய்யும் டிஎன்ஏ துண்டா? அடக்கிப் புரதம் மிதந்து போகும். எந்த நகலில் உருவானாலும் இரண்டு நகலையும் அடக்கும். ஆபரேட்டர் நகராது, தன்னோடு ஒட்டிய மரபணுக்களை மட்டுமே ஆளும்.

வினா: முதல் நகலில் அடக்கி மரபணு நன்றாக இருக்கிறது, ஆபரேட்டரில் அடக்கி உட்கார முடியாத திடீர்மாற்றம், பீட்டா காலக்டோசிடேஸ் மரபணு நன்றாக இருக்கிறது, பெர்மியேஸ் மரபணு கெட்டிருக்கிறது. இரண்டாம் நகலில் அடக்கி மரபணு கெட்டிருக்கிறது, ஆபரேட்டர் நன்றாக இருக்கிறது, பீட்டா காலக்டோசிடேஸ் கெட்டிருக்கிறது, பெர்மியேஸ் நன்றாக இருக்கிறது. லாக்டோஸ் இல்லாதபோது எது உருவாகும்?

பீட்டா காலக்டோசிடேஸ் உருவாகும். அதன் ஆபரேட்டரில் அடக்கி உட்கார முடியாது. பெர்மியேஸ் உருவாகாது, முதல் நகலிலிருந்து வந்த அடக்கி இரண்டாம் நகலின் ஆபரேட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். லாக்டோஸ் சேர்த்தால் இரண்டும் உருவாகும்.

மாற்றிக் கேளுங்கள். இரண்டாம் நகலின் அடக்கி மரபணு கெட்டுப்போனதாக இல்லாமல், லாக்டோஸின் குறிப்பை உணராத மிகை அடக்கியைச் செய்வதாக இருந்தால்? பெர்மியேஸ் இனி எப்போதும் வராது. பீட்டா காலக்டோசிடேஸோ முன்போலவே வந்துகொண்டிருக்கும். அடக்கி எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும் உட்கார இடம் வேண்டுமே! ஜாகோபும் மோனோவும் 1961-இல் இந்த மாதிரியை முன்வைத்தபோது இத்தகைய இரட்டை நகல் செல்களே அவர்களுக்குச் சான்றாக நின்றன. குளுக்கோஸும் இருக்கிறது என்று வினாவில் ஒரு வரி ஒளிந்திருந்தால், மேலே உருவாகும் என்று சொன்னவை எல்லாம் குறைந்த அளவில்தான் உருவாகும்.

புகழ்பெற்ற சோதனைகளைப் பற்றிய வினாக்களுக்கு ஆண்டும் பெயரும் தெரிந்தால் போதாதா?

பெயர் கேட்கும் வினாக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. முடிவு வேறாக வந்திருந்தால் என்ன பொருள் என்றுதான் கேட்கிறார்கள். மெசல்சனும் ஸ்டாலும் 1958-இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கனமான நைட்ரஜன் 15-இல் வளர்ந்த பாக்டீரியாவை நைட்ரஜன் 14-க்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் இடைப்பட்ட அடர்த்தியில் ஒரே பட்டை. இந்த முடிவு எதை விலக்குகிறது? பழைய இழைகள் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே இருக்கும் என்ற மாதிரியை மட்டும். பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்திருக்கும் என்ற மாதிரியும் ஒரே இடைப்பட்டையைத்தான் தரும். அதை விலக்க இரண்டாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டும்: பாதி இடைப்பட்டை, பாதி இலேசான பட்டை. மூன்றாம் தலைமுறையில் கால் பங்கும் முக்கால் பங்கும்.

காத்திருக்காமல் முதல் தலைமுறையிலேயே இரண்டையும் பிரிக்க வழி உண்டா? உண்டு. டிஎன்ஏவைச் சூடாக்கி இழைகளைப் பிரித்துவிட்டு அடர்த்தியைப் பாருங்கள். ஒவ்வோர் இழையும் முழுக்கப் பழையது அல்லது முழுக்கப் புதியது என்றால் இரண்டு பட்டைகள், கலந்திருந்தால் ஒன்று. இந்தக் கேள்வியைத் தானாகவே கேட்டுக்கொண்ட மாணவரைப் பார்க்கும்போது எனக்கு வரும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

மைட்டோகாண்ட்ரியா, ஆக்சிஜன் வரைபட வினாக்கள்?

எலக்ட்ரான் ஓட்டமும் புரோட்டான் திரும்பி வரும் வழியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை மறக்காமல் இருந்தால் போதும். சக்சினேட்டும் அடினோசின் டைபாஸ்பேட்டும் (ADP) கொடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் ஆலிகோமைசினைச் சேர்த்தால் ஆக்சிஜன் செலவும் குறைகிறது. ஏடிபி செய்யும் நொதியின் வழி அடைபட்டதும் புரோட்டான்கள் வெளியே குவிகின்றன. அந்த அழுத்தத்தை எதிர்த்து எலக்ட்ரான் ஓட முடிவதில்லை. அதன்மேல், புரோட்டான்களைச் சவ்வு வழியே கசியவிடும் டைநைட்ரோபீனாலைச் சேர்த்தால் ஆக்சிஜன் செலவு மறுபடி பாய்கிறது, ஏடிபி மட்டும் உருவாவதில்லை. பிறகு சயனைடு சேர்த்தால் எல்லாம் நின்றுவிடும். டைநைட்ரோபீனாலால் அதை மீட்க முடியாது.

மாற்றம்: சக்சினேட் எரிபொருளாக இருக்கும்போது ரோட்டினோன் சேர்த்தால்? ஆக்சிஜன் செலவு அப்படியே இருக்கும். ரோட்டினோன் அடைப்பது முதல் கூட்டமைப்பை. சக்சினேட்டின் எலக்ட்ரான் இரண்டாம் கூட்டமைப்பின் வழியே நுழைகிறது. எரிபொருளைக் குளூட்டமேட்டாக மாற்றினால் நின்றுபோகும். ஆகவே இத்தகைய வினாவில் தடுப்பானைப் பார்ப்பதற்கு முன் எரிபொருளைப் பாருங்கள்.

வளர்ச்சி உயிரியலில் எந்த ஒரு புள்ளியில் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்?

தாய்வழி விளைவு மரபணுக்களில். பழ ஈயில் பைக்காய்டு மரபணுவுக்கு ஒரு நல்ல நகலும் ஒரு கெட்ட நகலும் கொண்ட பெற்றோரைக் கலக்கிறோம். சந்ததியில் தலையில்லாத கருக்களின் பங்கு என்ன? கால் பங்கு என்று கை தானாகவே எழுதப் பார்க்கும். சரியான விடை பூச்சியம். முட்டைக்குள் அந்த ஆர்என்ஏவை வைப்பது தாய். தாயிடம் ஒரு நல்ல நகல் இருக்கிறது. இரண்டும் கெட்ட நகலாகப் பெற்ற மகள் இயல்பாக வளர்ந்து முட்டையிடும்போது, தந்தை யாராக இருந்தாலும், அவளுடைய கருக்கள் அனைத்துக்கும் தலையும் மார்பும் இருக்காது.

ஐசோஎலக்ட்ரிக் புள்ளி, சவ்வு மின்னழுத்தம் போன்ற சிறு கணக்குகள்?

இவை சட்டென்று மதிப்பெண் தருபவை. லைசின் என்ற அமினோ அமிலத்தின் மூன்று அமில மாறிலிகள் (pKa) 2.2, 9.0, 10.5 என்று கொடுத்தால் மூன்றின் சராசரியை எடுக்காதீர்கள். மின்னூட்டம் பூச்சியமாக உள்ள வடிவத்துக்கு இருபுறமும் இருக்கும் இரண்டை மட்டும் எடுங்கள்: 9.0-க்கும் 10.5-க்கும் நடுவே, 9.75. பொட்டாசியம் வெளியே 5, உள்ளே 140 மில்லிமோல் என்றால் 37 டிகிரி செல்சியஸில் சமநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 89 மில்லிவோல்ட். வெளியே பொட்டாசியம் கூடினால் அந்த எண் பூச்சியத்தை நோக்கி நகரும்.

சூழலியல் மனப்பாடப் பகுதிதானே?

அப்படி நினைத்து ஒதுக்குகிறவர்கள் எளிதான மதிப்பெண்ணை இழக்கிறார்கள். 100 விலங்குகளுக்குக் குறியிட்டு விட்டோம். இரண்டாம் முறை பிடித்த 80-இல் 20-க்குக் குறி இருக்கிறது. மொத்தம் 100 × 80 ÷ 20 = 400. இதுவரை எல்லோரும் வருவார்கள். சில குறிகள் இடையில் உதிர்ந்துவிட்டன என்றால் நம் மதிப்பீடு கூடுதலா, குறைவா? குறியோடு அகப்படுவது குறையும், வகுக்கும் எண் சிறிதாகும், மதிப்பீடு கூடும். ஒருமுறை பிடிபட்ட விலங்கு பொறியைக் கண்டு ஒதுங்கினாலும் அப்படியே. பொறியில் வைத்த இரைக்குப் பழகி மறுபடி மறுபடி வந்து விழுந்தால் மதிப்பீடு குறையும்.

தெரியாத வினாவுக்குக் குத்துமதிப்பாக விடை குறிக்கலாமா?

உங்கள் தேர்வின் விதியைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். நான்கு தெரிவுகள், தவறுக்கு வினாவின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிவு என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 1/16 பங்கு கிடைக்கும். அதை நம்பி இறங்க முடியாது. ஒரு தெரிவை உறுதியாக விலக்கிவிட்டால் 1/6 பங்கு. இரண்டை விலக்கினால் 3/8 பங்கு. கழிவு மூன்றில் ஒரு பங்கு என்றால் கண்மூடிக் குறிப்பதன் சராசரிப் பயன் பூச்சியம். ஒரு தெரிவு ஏன் தவறு என்று காரணத்தோடு சொல்லிப் பழகியவருக்கே இந்தக் கணக்கு உதவும். விலக்குவதைத் தனியாகப் பழகுங்கள்: மாதிரித் தேர்வில் சரியான விடையைக் குறித்த பிறகும் மற்ற மூன்றின் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

விடைக்குறிப்பு என் விடையோடு ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

முதலில் உங்கள் கணக்கை மறுபடி போடுங்கள். அதன்பிறகும் மாறவில்லை என்றால் இருவரும் எந்த அனுமானத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு குளுக்கோஸிலிருந்து எத்தனை ஏடிபி என்ற வினாவில் 38, 36, 32, 30 என்று நான்கு விடைகளையும் பார்த்திருப்பீர்கள். நான்கும் ஒவ்வொரு கணக்கில் வந்தவை. ஒரு என்ஏடிஎச்சுக்கு 3, ஒரு எஃப்ஏடிஎச்2-வுக்கு 2 என்று போட்டால் 38. சைட்டோசோலில் உருவான இரண்டு என்ஏடிஎச்சும் கிளிசரால் பாஸ்பேட் வழியே போனால் 36. இப்போது ஏற்கப்பட்டிருக்கும் 2.5, 1.5 என்ற மதிப்புகளில் அதே கணக்கு 32-உம் 30-உம் தரும். அனுமானத்தை எழுதிவைத்துக்கொண்டால், வினாவில் எது குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று தேடிப் பொருத்திவிடலாம். சில விடைக்குறிப்புகள் உண்மையிலேயே தவறாக அச்சாகியிருக்கும். அப்போது உங்கள் காரணத்தை ஓரத்தில் எழுதிவிட்டு மேலே போங்கள்.

ஆங்கிலத்தில் படிக்கிறேன், தமிழில் யோசிப்பது தடையாகுமா?

தடையாகாது. கலைச்சொல் எந்த மொழியில் இருந்தாலும், "ஏன்" என்பதற்கான பதிலைத் தமிழில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது வாய் தடுமாறும் இடத்தில்தான் புரிதலும் தடுமாறுகிறது.

பல அத்தியாயங்களைக் கோத்துக் கேட்கும் பெரிய வினாவுக்கு எப்படித் தயாராவது?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு எண்களை மோதவிட்டுப் பாருங்கள். ஈ. கோலையின் மரபணுத் தொகை ஏறத்தாழ 46 லட்சம் இணைகள். இரட்டிப்பாதல் ஓரிடத்தில் தொடங்கி இரு திசையிலும் போகிறது. ஒவ்வொரு கவையும் (இழைகள் பிரிந்து நகலெடுக்கப்படும் முனை) நொடிக்கு ஏறத்தாழ 1,000 நியூக்ளியோடைடு. ஆளுக்கு 23 லட்சம் என்றால் 2,300 நொடி, கிட்டத்தட்ட 40 நிமிடம். வளமான ஊடகத்திலோ அந்த பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது. நகலெடுக்கவே 40 நிமிடம் ஆகும் ஒன்று 20 நிமிடத்தில் எப்படிப் பிரிய முடியும்?

முதல் சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றும் தொடங்கிவிடுகிறது. பிறக்கும் செல், தன் பேரப்பிள்ளைகளுக்கான டிஎன்ஏவைப் பாதி எழுதிய நிலையிலேயே பிறக்கிறது. இங்கிருந்து அடுத்த வினாவை நீங்களே உருவாக்கலாம். தொடக்கப் புள்ளிக்கு அருகில் உள்ள மரபணுவும் முடிவிடத்துக்கு அருகில் உள்ள மரபணுவும் அந்தச் செல்களில் ஒரே எண்ணிக்கையில் இருக்குமா? இருக்காது. 40 நிமிடத்துக்குள் இரண்டு இரட்டிப்புக் காலங்கள் அடங்குவதால் தொடக்கத்தருகில் உள்ளது சராசரியாக நான்கு மடங்கு. ஊடகத்தை மாற்றி, இரட்டிப்புக் காலம் 80 நிமிடமாக நீண்டால், நகலெடுக்க அதே 40 நிமிடம்தான் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். அரை இரட்டிப்புக் காலம்தான் அடங்கும். விகிதம் இரண்டின் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.4.